கணக்கில் வராத உப்பு

ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் மரக்காணத்தில் அநேகமாக நிற்பதில்லை. நின்றாலும் ஐந்து நிமிடம். உப்பளத்தைப் பின்னணியில் வைத்து ஒரு செல்ஃபி, ஒரு இளநீர், அவ்வளவுதான். நானும் பல வருடம் அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். ஒரு கோடையில் வண்டி மக்கர் பண்ணியதால் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. மெக்கானிக் வரும்வரை பொழுது போக வேண்டுமே? வரப்போரம் பலகையோடு நின்றிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

பேச்சுவாக்கில் என் செல்போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். பெரு நாட்டில் கூஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் மராஸ் என்று ஓர் ஊர். 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மலைச்சரிவில் படிப்படியாகச் சில ஆயிரம் உப்புப் பாத்திகள். இன்கா ராஜ்ஜியத்துக்கும் முந்தியவை என்கிறார்கள். இன்றும் உப்பு விளைகிறது. மராஸ், மரக்காணம் என்று பெயர் ஒத்துப்போவது வெறும் தற்செயல். ஆனால் படத்தைப் பார்த்ததும் பெரியவர் முகத்தில் தொழில்காரரின் ஆர்வம் வந்துவிட்டது.

“மலை மேல பாத்தி போட்டிருக்கானே சார்... கடத் தண்ணிய எப்படி ஏத்தறான்?”

“கடல் தண்ணி இல்லை பெரியவரே. மலைக்குள்ளேயிருந்து ஊத்துத் தண்ணியே உப்பா வருது.”

“குடுத்து வச்சவன் சார். மோட்டார் செலவு மிச்சம்” என்று சிரித்தார். பிறகு கேட்டார்: “பாத்தியெல்லாம் யாருது?”

“அந்த ஊர்க் குடும்பங்களுக்கே சொந்தமாம்.”

பெரியவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். போனைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “இங்க நாங்கெல்லாம் கூலி சார்” என்றார். அவ்வளவுதான். மறுபடி பாத்தியில் இறங்கிவிட்டார்.

இந்த வாரம் நான் எழுத நினைத்தது ஒரு புத்தகத்தைப் பற்றி. இந்தக் கடற்கரையையும் உள்ளடக்கிய, 12 தொகுதிகள் கொண்ட ஒரு பெரிய புத்தகம். ஆனால் பெரியவரின் அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் புத்தகத்துக்குள் நுழைய முடியவில்லை. அதனால் மராஸிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறேன். சுற்றி வளைத்து மரக்காணத்துக்கு வந்துவிடுவேன், கவலை வேண்டாம்.

*

இன்கா கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1532. இன்றைய கொலம்பியாவின் தெற்கு ஓரத்தில் தொடங்கி சிலியின் நடுப்பகுதி வரை ஒரே ராஜ்ஜியம். மலைகளைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைத் தாண்டியும் 30,000 கிலோமீட்டருக்கும் மேல் சாலை. இத்தனையும் இரும்பு இல்லாமல், சக்கரம் இல்லாமல், நாம் அறிந்த எழுத்துமுறை இல்லாமல்! கணக்கு மட்டும் பிசகாது. கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்களைப் பதிவு செய்தார்கள். கீப்பு என்று அதற்குப் பெயர். எந்த ஊரில் எவ்வளவு சோளம், எத்தனை ஆண்கள், எவ்வளவு துணி... எல்லாம் முடிச்சில். முடிச்சைப் போடவும் படிக்கவும் தனிக் கணக்கர்கள் இருந்தார்கள். பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இந்த மனிதர்கள் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு.

இப்படிப்பட்ட ராஜ்ஜியத்துக்குள் ஃபிரான்சிஸ்கோ பிஸாரோ என்கிற ஸ்பானியர் நுழைகிறார். அவருடன் வந்தவர்கள் 168 பேர். ஆம், நூற்று அறுபத்தெட்டுதான்! துப்பாக்கியும் குதிரையும் உதவின. அவற்றைவிட உதவியது ஒரு குடும்பச் சண்டை. பழைய மன்னர் இறந்ததும் இரண்டு பிள்ளைகள், ஹுவாஸ்கர், அதஹுவால்பா, அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள். அதஹுவால்பா ஜெயித்த கையோடு பிஸாரோ வந்து சேர்ந்தார். 1532 நவம்பர் 16 அன்று கஹமார்கா சதுக்கத்தில் மன்னரைச் சிறைபிடித்தார். விடுதலைக்கு விலை, ஓர் அறை நிறையத் தங்கம், அதைப் போல இருமடங்கு வெள்ளி. தங்கம் மட்டும் 6 டன்னுக்கு மேல் வந்து குவிந்தது. சிலை, பாத்திரம், அலங்காரம் எல்லாவற்றையும் உருக்கிப் பாளமாக்கிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஸ்பெயின் ராஜாவுக்கு ஐந்தில் ஒரு பங்கு. கணக்கெல்லாம் கச்சிதம். விலையை வாங்கிக்கொண்டு 1533-ல் மன்னரைக் கொன்றும் விட்டார்கள்.

பிஸாரோ மட்டும் நிம்மதியாக இருந்தாரா? பங்காளிச் சண்டை அவரையும் விடவில்லை. 1541-ல் லிமா நகரில், சொந்த மாளிகையில், பழைய கூட்டாளியின் ஆட்களே அவரை வெட்டிப் போட்டார்கள்.

சரி, பெருவுக்கும் நம் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்? வண்டி சரியானதும் பாண்டிச்சேரிக்குப் போகாமல் வடக்கே திருப்பினேன். மரக்காணத்திலிருந்து சென்னைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கடப்பாக்கம். அங்கே கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை. நம் ஊர் பிஸாரோ கதையின் மிச்சம் அங்கேதான் செங்கலும் சுண்ணாம்புமாக நின்றுகொண்டிருக்கிறது.

*

இந்தக் கடற்கரை நேற்று பிறந்ததல்ல. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆலம்பரை ரொம்ப இளசு. 18-ஆம் நூற்றாண்டின் முன்பாதியில், ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் காலத்தில் எழுந்த கோட்டை. துறைமுகம் இருந்தது. நாணயச்சாலை இருந்தது. 1750-ல் இது பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வருகிறது. சும்மா இல்லை, செய்த உதவிக்குக் கைம்மாறாக. உதவி செய்தவர் பாண்டிச்சேரி கவர்னர் ஜோசஃப் ஃபிரான்சுவா டூப்ளே.

டூப்ளேயின் உத்தியைக் கேட்டால் பிஸாரோ ஞாபகம் வராமல் போகாது. 1748-ல் ஹைதராபாத் நிஜாம் இறந்துபோகிறார். மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் சண்டை. ஆற்காட்டிலோ நவாப் அன்வருத்தீனுக்கும், தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபுக்கும் சண்டை. இரண்டு வீட்டிலும் அடிதடி நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? கதவைச் சாத்திக்கொள்வார். டூப்ளே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். 1749-ல் ஆம்பூரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். 1750 டிசம்பரில் செஞ்சிப் பக்கம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். முசாபர் ஜங்குக்குப் பாண்டிச்சேரியிலேயே பட்டாபிஷேகம்! கிருஷ்ணா நதிக்குத் தெற்கே தன் பிரதிநிதி டூப்ளேதான் என்று அவர் அறிவித்தார். துணி வாங்கி விற்க வந்த கம்பெனியின் உத்தியோகஸ்தர், நவாப் அங்கி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தனையும் நான்கே வருடம். முசாபர் ஜங் 1751-ன் ஆரம்பத்திலேயே கொல்லப்பட்டார். அதே ஆண்டு கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-ல் சந்தா சாகிபின் தலை போயிற்று. 1754-ல் பாரிஸிலிருந்து ஆள் அனுப்பி டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். என் கைக்காசைப் போட்டு யுத்தம் நடத்தினேன், திருப்பிக் கொடுங்கள் என்று கம்பெனி மேல் வழக்குப் போட்டார் மனிதர். தீர்ப்பு வருவதற்குள் 1763-ல் கடனாளியாகச் செத்துப்போனார். ஆலம்பரைக் கோட்டையோ அதற்கு முன்பே, 1760-ல், ஆங்கிலேயர் கையில் சிக்கி இடிபட்டுவிட்டது. மிச்சமிருந்ததில் கொஞ்சத்தை 2004 சுனாமி பார்த்துக்கொண்டது.

பேராசை, சண்டை, சரிவு. இந்த மட்டும் இரண்டு கதையும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், கதையை யார் எழுதி வைத்தார்கள் என்பதில்.

கஹமார்காவில் அன்று நடந்ததை எழுதியவர்கள் எல்லாம் முதலில் ஸ்பானியர்கள். இன்காக்களின் முடிச்சுக் கயிறுகள் நூற்றுக்கணக்கில் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. எண்களைப் படித்துவிடுகிறார்கள். கதை ஏதாவது அதற்குள் இருக்கிறதா என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் டூப்ளே எழுந்ததையும் விழுந்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்து, தமிழில், ஒரு தமிழர் எழுதி வைத்திருக்கிறார்.

*

ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்து, பாண்டிச்சேரியில் வியாபாரியாக வளர்ந்து, டூப்ளேயின் துபாஷாக உயர்ந்தவர். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். உண்மையில் துரைக்குக் காது, வாய், சில சமயம் பணப்பை எல்லாமே அவர்தான். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். இருபத்து நான்கு வருடத்துக்கு மேல்! அவர் கண்மூடிய சில நாட்களில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அந்த ஒரு காட்சியை மட்டும் அவர் எழுதவில்லை.

தினப்படி சேதிக்குறிப்பு என்று பெயர். இதைச் சரித்திரம் என்று நினைத்து எடுத்தால் முதல் பத்து பக்கத்தில் கொட்டாவி வரும். எனக்கும் வந்தது. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை, யாருக்கு எந்தத் துணி பரிசு, எந்த நாழிகையில் யார் பல்லக்கில் ஏறினார்... கடைக்காரரின் நாள்வழிக் குறிப்பேடு மாதிரியே போகும். ஆனால் பேரேடு எழுதிப் பழகியவனுக்குத் தெரியும், நாள்வழியில்தான் உண்மை இருக்கும். பேலன்ஸ் ஷீட் என்பது வெளியாருக்காக அலங்கரித்தது. நாள்வழி நமக்காக எழுதியது. அப்படி நினைத்துப் படித்தேன். பிடிபட்டுவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்குக் காது அபாரம். ஒருவர் சொன்னதை, அவர் சொன்ன தொனியோடு எழுதுகிறார். தமிழோடு பிரெஞ்சும் போர்த்துகீசும் பாரசீகமும் தெலுங்கும் கலந்து ஓடுகிற பேச்சு. இலக்கணம் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கென்னவோ ஒரு துறைமுகத்தில் மக்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று தோன்றுகிறது. செந்தமிழில் எழுதியிருந்தால் இந்தப் புத்தகம் பாதி செத்திருக்கும்.

இன்னொரு விஷயம், அவர் டூப்ளேயைப் பெரிய ஆளாகவும் காட்டுகிறார், சின்ன ஆளாகவும் காட்டுகிறார். பிரெஞ்சு சரித்திரக்காரர்களுக்கு அவர் நழுவிப்போன சாம்ராஜ்யத்தின் நாயகன். ஆங்கிலேயருக்கு கிளைவிடம் தோற்ற ஆணவக்காரர். பிள்ளையின் டூப்ளே, பெண்டாட்டி பேச்சைக் கேட்பார், கோபப்படுவார், நஜர் வாங்குவார், ஜோசியம் மாதிரி எதையாவது சொன்னால் காது கொடுப்பார். அந்த மனைவி ழான், பாண்டிச்சேரியிலேயே பிறந்து தமிழ் பேசத் தெரிந்தவர். பிள்ளைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நாட்குறிப்பில் மதாம் வருகிற இடத்திலெல்லாம் பேனாவில் காரம் ஏறிவிடும்.

இங்கேதான் வாசகர் கொஞ்சம் உஷாராக வேண்டும். பிள்ளை பார்வையாளர் மட்டும் இல்லை, ஆட்டக்காரரும்கூட. 1746-ல் தலைமை துபாஷ் கனகராய முதலியார் இறந்ததும் அந்தப் பதவிக்கு நடக்கிற போட்டியைப் படியுங்கள். கிறிஸ்தவர்தான் வர வேண்டும் என்று ஒரு கூட்டம், பணம் கொடுக்கத் தயாராக ஒரு கூட்டம், மதாமின் கணக்கு ஒரு பக்கம். பிள்ளை தனக்குப் பதவியில் ஆசையே இல்லாதது மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். ஆனால் தன்னை மற்றவர்கள் புகழ்ந்த வார்த்தை ஒன்றைக்கூட விடுவதில்லை! நம் ஆபீஸ்களில் புரமோஷன் சீசனில் சிலர் நடந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் ரொம்பப் பரிச்சயமாக இருக்கும்.

1748 செப்டம்பரில் ஆங்கிலேய முற்றுகையின் நடுவே, பாண்டிச்சேரி வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடிக்கிறார்கள். பக்கத்து தேவாலயத்துப் பாதிரிமார்களுக்கு அந்தக் கோயில் மேல் நெடுநாள் கண். பிள்ளை ஊரிலேயே பெரிய இந்து. கவர்னருக்கு நெருக்கமானவர். என்ன செய்தார்? எதிர்த்து நிற்பதைவிட, எடுக்க முடிந்ததை எடுத்துப் பத்திரப்படுத்துவதே வழி என்கிற நிலைக்குத்தான் வந்தார். கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது. எனக்கு முக்கியமாகப் பட்டது என்னவென்றால், தனக்குப் பெருமை சேர்க்காத அந்த நாளையும் அவர் எழுதிவைத்தார் என்பது. அவமானத்தையும் பற்று எழுதுகிற கணக்கனை ஓரளவு நம்பலாம்.

*

இந்த நாட்குறிப்பு வெளியே வந்த கதை தனி. 1846-ல் காலுவா மோன்பிரோன் என்கிற பிரெஞ்சு அதிகாரி இதைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவார்கள். எங்கே கண்டுபிடித்தார்? பிள்ளையின் வாரிசுகளிடம்! அவர்கள் வீட்டில் இருந்ததை அவர்கள் தொலைக்கவே இல்லை.

மச்சு பிச்சுவிலும் இதே கூத்துதான். 1911-ல் ஹிராம் பிங்காம் என்கிற அமெரிக்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் ஏறிப்போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் குடியிருந்தன. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஒரு சிறுவனைத் துணைக்கு அனுப்பி, இடிபாடுகளைக் காட்டியதே அவர்கள்தான். வெளியூர்க்காரர் வந்து பார்த்தால் ‘கண்டுபிடிப்பு’. உள்ளூர்க்காரர் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயரே இல்லை.

ஆனால் அந்த வெளியூர்க்காரர்களுக்கு நன்றியும் சொல்ல வேண்டும். பிரதி எடுத்து வைத்தவர்கள் அவர்கள்தான். 1904-லிருந்து 1928 வரை சென்னை அரசாங்கம் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டது. தமிழில் எழுதப்பட்ட புத்தகத்தை, தமிழர்களே ஆங்கிலத்தில்தான் முழுசாகப் படிக்க முடிந்தது! இடையிடையே தமிழில் சில பகுதிகள் வந்தன. முழுசாக 12 தமிழ்த் தொகுதிகள், மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து, 2019-ல்தான் வந்தன. எழுதியவர் இறந்து 258 வருடம் கழித்து! அந்த உழைப்புக்கு எழுந்து நின்று ஒரு கும்பிடு போடலாம்.

பிரபஞ்சன் இதற்கெல்லாம் முன்பே இந்த நாட்குறிப்புக்குள் மூழ்கி ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்களைக் கொண்டுவந்தார். இரண்டாவதுக்கு 1995-ல் சாகித்ய அகாடமி விருது. பிள்ளையின் ஏட்டில் ஓரமாக நிற்கிறவர்களை நாவலில் வெளிச்சத்துக்கு இழுத்துவந்தார் அவர். ஒரு நாவலாசிரியர் வந்து அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதே மூல ஏட்டின் மேல் ஒரு விமரிசனம்.

அந்த விமரிசனத்துக்குத்தான் வருகிறேன்.

காலேஜில் எங்களுக்கு அக்கவுண்டன்சி எடுத்தவர் ஒரு பாடத்தை மறக்கவே முடியாதபடி நடத்தினார். ட்ரையல் பேலன்ஸ் போட்டோம். இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக டாலி ஆனது. வகுப்பே கை தட்டியது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஒரு பரிவர்த்தனையையே எழுதாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?” யாருக்கும் பதில் தெரியவில்லை. “அப்பவும் டாலி ஆகும்டா!” என்றார். பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை, ஆகவே தப்பே தெரியாது. தமிழ் மீடியம் புத்தகத்தில் இதற்கு முழு விடு பிழை என்று பெயர். தப்பாக எழுதினால் எங்காவது இடிக்கும். எழுதவே இல்லையென்றால் கணக்கு ஜம்மென்று நேராகிவிடும்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் 12 தொகுதிகளும் டாலி ஆகின்றன. நவாப் வருகிறார், துரை வருகிறார், கப்பல் வருகிறது, சேட்டு வருகிறார். ஆலம்பரையில் அடித்த நாணயம்கூட வருகிறது. உப்பு வாரியவர் வரமாட்டார். கப்பலுக்கு மூட்டை சுமந்தவர் ‘ஆட்கள்’ என்று வருவார். முற்றுகையின்போது ஊரைவிட்டு ஓடியவர்கள் ‘ஜனங்கள்’ என்று வருவார்கள். 1743-ல் ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரத்தை அவர் எழுதுகிறார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எழுதுகிறார். ஆனால் அங்கேயும் பிடித்தவர்களைப் பற்றித்தான் விவரம். பிடிபட்டவர்களின் மனசு ஏட்டுக்குள் நுழையவில்லை. சாதியில் உசத்தி, தாழ்த்தி என்கிற கண்ணாடியை அவர் கடைசிவரை கழற்றவும் இல்லை.

அந்தக் காலத்து ஆளிடம் இந்தக் காலத்து நியாயத்தை எதிர்பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு இன்கா தேசத்திலிருந்தே ஒருவரைக் காட்டுகிறேன். அவர் பிள்ளைக்கும் முந்தைய காலத்து ஆள்.

குவாமான் போமா. ஸ்பானியர் வந்தபின் பிறந்த பெருவியர். அவரும் துபாஷ் மாதிரிதான், ஸ்பானியப் பாதிரிமாருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பரம்பரை நிலத்துக்காக வழக்காடித் தோற்று, தண்டனை வாங்கி, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு உட்கார்ந்து ஸ்பெயின் ராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் என்றால் நம் கடிதம் இல்லை, ஏறத்தாழ 1,200 பக்கம்! அதில் கிட்டத்தட்ட 400 படம், எல்லாம் அவரே வரைந்தது. 1615 வாக்கில் முடித்து அனுப்பினார். ராஜா படித்ததாகத் தெரியவில்லை. 1908-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் ராயல் நூலகத்தில் அது அகப்பட்டது.

அந்தப் படங்களைப் பாருங்கள். இன்கா மன்னர்கள் இருக்கிறார்கள், பிஸாரோ இருக்கிறார். கூடவே நெசவு செய்கிற பெண், உருளைக்கிழங்கு தோண்டுகிற குடும்பம், பறவை விரட்டுகிற பையன், தடியூன்றிய கிழவி, கண் தெரியாதவர், கால் விளங்காதவர்... வயது வாரியாக, வேலை வாரியாக எல்லாரையும் வரைகிறார். கையில் முடிச்சுக் கயிறோடு நிற்கிற கணக்கரும் உண்டு. குவாமான் போமா மட்டும் என்ன மகாத்மாவா? இல்லை. தன் வம்சம் ரொம்ப உசத்தி என்று சாதிக்கிறார். கலப்புத் திருமணத்தைக் கண்டால் ஆகாது. அவருக்கும் ஆசை இருந்தது, காரியம் ஆக வேண்டியிருந்தது. இருந்தும் உழுதவனையும் நெய்தவளையும் கணக்கில் கொண்டுவந்துவிட்டார். அந்தக் காலத்தில் அது முடியாத காரியமல்ல என்பதற்கு அவரே சாட்சி.

ஏன் அவருக்கு முடிந்தது, பிள்ளைக்கு முடியவில்லை? எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான். குவாமான் போமா எல்லாம் இழந்த பிறகு எழுதினார். பிள்ளை சம்பாதித்துக்கொண்டே எழுதினார். மேலே ஏறிக்கொண்டிருப்பவனுக்கு அடுத்த படிதான் தெரியும். 1756-ல் பிள்ளைக்குப் பதவி போகிறது, உடம்பும் கெடுகிறது. அதற்குப் பிந்தைய பக்கங்களில் ஊரின் கஷ்டம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறது. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாரோ என்னவோ. இதை வைத்துப் பிள்ளையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அவர் ஏட்டைப் படியுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆடிட்டர் மாதிரிப் படியுங்கள். இருக்கிற பதிவுக்கு வவுச்சர் கேட்பதோடு, இல்லாத பதிவையும் தேடுங்கள்.

*

உப்பு என்று ஆரம்பித்தேன். உப்பைப் பற்றி ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன்.

டூப்ளேயின் கனவு கலைந்து அறுபது வருடம் கழித்து, 1815-ல், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. பிரெஞ்சுப் பகுதிகளில் விளைகிற உப்பு, உள்ளூர்த் தேவை போக, ஆங்கிலக் கம்பெனிக்கே. பதிலுக்கு பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு உப்பு விளைவிப்பதையே நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். தென்னிந்தியாவையே ஆளப் போகிறேன் என்றவரின் வாரிசுகள், உப்பு விளைவிக்காமல் இருப்பதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்! சரித்திரப் புத்தகங்களில் ஆம்பூர் யுத்தத்துக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கும். இந்த உப்புக் கையெழுத்துக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். ஆனால் வேலை போன உப்பளத்து ஆளுக்கு இந்தக் கையெழுத்துதான் யுத்தம்.

டூப்ளேக்குப் பாண்டிச்சேரியில் 1870-ல் சிலை வைத்தார்கள். கடற்கரையில் இப்போதும் நிற்கிறார். லிமாவில் பிஸாரோ சிலையை 2003-ல் பிரதான சதுக்கத்திலிருந்து அகற்றினார்கள். 2025-ல் மறுபடி அந்தப் பக்கமே கொண்டுவந்து வைத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. சிலையை வைப்பதா எடுப்பதா என்று அடித்துக்கொள்வதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு பாண்டிச்சேரியில் அவர் பெயருள்ள ரங்கப்பிள்ளை தெருவில் இருக்கிறது. ஐரோப்பாவும் தமிழ்நாடும் கலந்த தூண்கள். அடுத்த முறை பேக்கரிக்கும் பீச்சுக்கும் நடுவே ஒரு அரை மணி ஒதுக்கிப் பாருங்கள். நூலகத்தில் ஒரு தொகுதியை எடுத்து எந்த வருடத்திலாவது நுழையுங்கள். முதல் பத்து பக்கம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஆலம்பரையிலிருந்து திரும்பும்போது மரக்காணத்தில் மறுபடி நிறுத்தினேன். வெயில் தாழ்ந்திருந்தது. பெரியவர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கடையில் கொடுத்த பழைய பாக்கெட் டைரி. எட்டிப் பார்த்தேன். தேதி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பாத்தி வாரினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பேர். அஞ்சலை, குப்பு, செல்வி என்று முழுசாக எழுதியிருந்தது.

“தினமும் எழுதுவீங்களா?”

“எழுதிடணும் சார். ஒருவாட்டி எழுதாம விட்டு, நீ அன்னிக்கி வரவே இல்லன்னுட்டாங்க” என்றார்.

டைரியை மூடி மடியில் செருகிக்கொண்டார். நான் காரை எடுத்தேன்.